பேனலுக்குள் டாகுமென்ட் மேனேஜர் ஏன் உட்கார மறுக்கிறது?

கேள்வி: வின்ஃபார்ம்ஸில் (.நெட்டில் விண்டோஸ் திரைகள் செய்யும் வசதி) பில்லிங் மென்பொருள் எழுதுகிறேன். பல திரைகளை டேப்களாகக் காட்டும் டெவ்எக்ஸ்பிரஸ் டாகுமென்ட் மேனேஜர் முதன்மை ஃபார்மில் நன்றாக வேலை செய்கிறது. அதே டேப்களை வலப்பக்கப் பேனலுக்குள் கொண்டுவர முடியவில்லை. என்ன வழி?

பதில்: டாகுமென்ட் மேனேஜரை நேராகப் பேனலில் வைக்காமல், யூசர் கண்ட்ரோலில் (பல கண்ட்ரோல்களைச் சேர்த்து நாமே செய்யும் கண்ட்ரோல்) வையுங்கள். டாகுமென்ட் மேனேஜரின் 'கன்டெய்னர்கண்ட்ரோல்' என்ற பிராப்பர்ட்டி, அதே பெயருள்ள வின்ஃபார்ம்ஸ் கிளாஸிலிருந்து வந்த ஒன்றைத்தான் ஏற்கும். ஃபார்ம், யூசர் கண்ட்ரோல், ஸ்பிளிட் கன்டெய்னர் எல்லாம் அந்த வம்சம். பேனல் அப்படியில்லை, அது ஸ்க்ரோல் செய்யத் தெரிந்த வெறும் பரப்பு. தனக்குள் எந்த கண்ட்ரோலில் ஃபோகஸ் இருக்கிறது என்று கவனிக்கும் 'ஆக்டிவ்கண்ட்ரோல்' வசதி அதற்குக் கிடையாது.

ஆகவே காலி யூசர் கண்ட்ரோல் ஒன்றைச் செய்து, அதில் டாகுமென்ட் மேனேஜரைப் போட்டு, கன்டெய்னர்கண்ட்ரோலாக அந்த யூசர் கண்ட்ரோலையே கொடுங்கள். மேனேஜரை முதன்மை ஃபார்மோடு இணைக்கும் 'எம்டிஐபேரன்ட்' பிராப்பர்ட்டி நிரம்பியிருந்தால் காலி செய்துவிடுங்கள். வியூவாக டேப்டு வியூ போதும். நேட்டிவ் எம்டிஐ வியூ இங்கே ஓடாது. பிறகு அந்த யூசர் கண்ட்ரோலை உங்கள் பேனலுக்குள் டாக் ஃபில் (முழு இடத்தையும் நிரப்பும் அமைப்பு) கொடுத்து வையுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு டேப்பிலும் என்ன வைப்பது? ஏற்கெனவே எழுதிய பில் ஃபார்மையே திணிக்கத் தோன்றும். பொதுவாக ஒரு ஃபார்மை அப்படியே பேனலில் சேர்த்தால், மேல்நிலை கண்ட்ரோலை இன்னொன்றுக்குள் சேர்க்க முடியாது என்று எக்செப்ஷன் வரும். டாப்லெவலை ஃபால்ஸ் ஆக்கினால் எரர் போகும், ஆனால் ஆக்டிவேட்டட் நிகழ்வை நம்பி எழுதிய கோடு பிறகு எதிர்பார்த்தபடி ஓடாது. பில் திரையையும் யூசர் கண்ட்ரோலாகவே எழுதி வியூவின் 'ஆட்டாகுமென்ட்' (AddDocument) மெத்தட் மூலம் சேர்ப்பதுதான் என் கணிப்பில் சரி. கொஞ்சம் வேலைதான், ஆனாலும் செய்யுங்கள்.

திரைகள் நிறைய என்றால் 'குவரிகண்ட்ரோல்' நிகழ்வைப் பயன்படுத்துங்கள். டேப் தேவைப்படும்போதுதான் அது கண்ட்ரோலைக் கேட்கும், அதனால் மென்பொருள் சீக்கிரம் திறக்கும். அங்கே கண்ட்ரோலைத் திருப்பித் தர மட்டும் மறக்காதீர்கள். ஒவ்வொரு டாகுமென்டுக்கும் 'கண்ட்ரோல்நேம்' கொடுங்கள். லேஅவுட்டைச் சேமித்துத் திரும்ப ஏற்றும்போது எந்த டேப் எதற்கு என்று அதை வைத்துத்தான் பிரித்தறிய முடியும்.

அப்புறம் ஒன்று: டாகுமென்ட் மேனேஜர் கண்ட்ரோல் அல்ல, காம்போனென்ட். கோடில் உருவாக்கினால், யூசர் கண்ட்ரோலின் 'காம்போனென்ட்ஸ்' தொகுப்பில் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் யூசர் கண்ட்ரோல் டிஸ்போஸ் ஆகும்போது அது தானாக டிஸ்போஸ் ஆகாது.