தறிக்கு ஷிப்ட் உண்டு, தூக்கத்துக்கு இல்லையா?

கேள்வி: சிஸ்டர் அம்மா, என் மகனுக்கு நாலு மாதம் முடிந்து பதினைந்து நாள் ஆகிறது. தலைப்பிரசவத்துக்கு ஏற்காட்டில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே இரவு ஒன்பது மணிக்குப் படுத்தால் இரண்டு மணி வாக்கில் ஒருமுறை பால் குடிப்பான், அப்புறம் விடிந்துதான் எழுவான். ஐந்தாம் மாதம் பிறந்ததும் சேலம் பக்கத்தில் இளம்பிள்ளை என்ற ஊரில் இருக்கும் கணவர் வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். வீட்டை ஒட்டின கூடத்தில் நாலு விசைத்தறி ஓடுகிறது. வந்த நாலைந்து நாளிலேயே முக்கால் மணிக்கு ஒருதரம் விழித்துக் கத்த ஆரம்பித்துவிட்டான். தறிச் சத்தம்தான் என்கிறார் கணவர். திருஷ்டி, உரம் விழுந்திருக்கிறது என்கிறார் அத்தை. பால் பத்தவில்லை, கேழ்வரகுக் கூழ் கொடு, ஜாதிக்காய் உரசி நாக்கில் தடவு என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. பேசாமல் கிளம்பி வந்துவிடு என்கிறார் அம்மா. பத்து நாளாக நான் தூங்கவில்லை. முந்தாநாள் ராத்திரி கோபத்தில் தூளியை வேகமாக ஆட்டிவிட்டேன். பிறகு நானே உட்கார்ந்து அழுதேன். என்ன செய்யட்டும்?
பெயர் வேண்டாம், இளம்பிள்ளை.

பதில்: கண்ணு, உனக்கு என் மகள் வயதுதான் இருக்கும், அதனால் நீ என்றே எழுதுகிறேன். உன் கடிதத்தின் கடைசி வரிகளுக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். தூளியை வேகமாக ஆட்டிய அன்றைக்குப் பிறகு பிள்ளை வழக்கம்போலப் பால் குடிக்கிறானா, முகம் பார்த்துச் சிரிக்கிறானா? அப்படியானால் மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. வாந்தி எடுத்தாலோ, எழுப்பினாலும் சோர்ந்து கிடந்தாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும். ஆட்டியதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இனி அந்தக் கோபம் தலைக்கு ஏறும்போது பிள்ளையைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, வாசலுக்குப் போய் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வா. அந்த ஐந்து நிமிட அழுகையால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. கையில் வைத்து உலுக்குவதுதான் ஆபத்து, கழுத்து இன்னும் முழுசாக வலுக்காத பிள்ளையின் மூளை அந்தக் குலுக்கலைத் தாங்காது. கிராம சுகாதாரச் செவிலியராக முப்பது வருடம் வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். அந்தக் கோபம் வராத தாயை இன்னும் பார்க்கவில்லை.

இனி பிள்ளையின் தூக்கத்துக்கு வருவோம். உன் வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். நடப்பது என்னவென்றால், அவனுடைய தூக்கமே மாறிக்கொண்டிருக்கிறது. பச்சைக் குழந்தைக்குத் தூக்கம் இரண்டே வகை. ஒன்று அசையாமல் கிடக்கிற தூக்கம். இன்னொன்று இமை துடிக்க, உதடு சுழிக்கத் தூங்குவது. நம் ஊரில் அப்போது நரி விளையாட்டுக் காட்டுகிறது என்பார்கள், அழுதால் நரி மிரட்டுகிறது என்பார்கள். பிறந்த குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி இந்த நரித் தூக்கம்தான், கண்ணை மூடினதும் நேராக அதில்தான் விழும். மூன்று, நாலு மாதம் ஆகும்போது இந்த ஏற்பாடு கலைந்து, நம்மைப் போலப் படிப்படியான தூக்கமாகிறது. முதலில் மேலோட்டமாக, பிறகு ஆழமாக, மறுபடி மேலே. இப்படி ஒரு சுற்று நமக்கு ஒன்றரை மணி நேரம் என்றால், இந்த வயதுக் குழந்தைக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி. நீ எழுதிய முக்கால் மணிக் கணக்கு இதுதான். பிள்ளை கடிகாரம் வைத்த மாதிரி விழிக்கிறான் என்றால், அவன் வளர்ச்சி கடிகாரம் வைத்த மாதிரி நடக்கிறது.

நாமும் ஒவ்வொரு சுற்று முடிவிலும் கொஞ்சம் விழிக்கத்தான் செய்கிறோம். போர்வையை இழுத்துக்கொண்டு புரண்டு படுக்கிறோம், காலையில் நினைவே இருப்பதில்லை. உன் வீட்டுத் தறியையே பார். பாவில் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, முடிச்சுப் போட்டு, மறுபடி ஓட்டுகிறார்கள். அந்த முடிச்சைப் போடப் பெரியவர்களுக்குத் தெரியும். உன் மகனுக்கு இன்னும் தெரியாது, ஆளைக் கூப்பிடுகிறான். அதுவும், மார்பில் வாய் வைத்தபடியோ தூளி ஆட ஆடவோ தூங்கிப்போன பிள்ளை, விழிக்கும்போது மார்பையும் ஆட்டத்தையும்தான் தேடும்.

இளம்பிள்ளை வந்ததும் இது தொடங்கியது தற்செயல். ஒற்றைப்படை மாதம் பார்த்து, மூன்றிலோ ஐந்திலோ பிள்ளையைப் புகுந்த வீட்டுக்கு அழைப்பது நம் பக்கத்து வழக்கம். அந்த ஐந்தாம் மாதமும் தூக்கம் மாறுகிற காலமும் ஒன்றாக வந்து விழுகின்றன. ஏற்காட்டிலேயே இருந்திருந்தாலும் இப்போது விழித்துக்கொண்டுதான் இருப்பான். எத்தனை மாமியார் வீடுகள் இந்த ஒரு பழியைச் சுமந்திருக்கின்றன என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

தறியைப் பற்றி ஒரு வார்த்தை. என் மூத்தவளுக்கு இதே வயதில், அம்மாபேட்டையில் வாடகை வீட்டில் இருந்தோம். ஒருநாள் பின்னிரவில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டைமாடியில் நடக்கிறேன். தெரு முழுக்க டக்டக் டக்டக் என்று தறி. திடீரென்று கரண்ட் போயிற்று. எல்லாத் தறியும் ஒரே மூச்சில் நின்றது. அடுத்த நிமிடம் தெருவில் மூன்று வீட்டில் குழந்தைகள் வீறிட்டன. ஒரே சீராக ஓடுகிற சத்தத்துக்குப் பிள்ளைகள் பழகிவிடும், அது சட்டென்று நின்றால்தான் திடுக்கிடும். அதற்காகத் தறிக்கூடத்துக்குள் தூளி கட்டிவிடாதே. ஆள் கத்திப் பேசினால்தான் கேட்கும் என்கிற அளவு சத்தம் பிஞ்சுக் காதுக்கு ஆகாது, பஞ்சுத் தூசியும் மூச்சுக்கு ஆகாது. கூடத்தை விட்டுத் தள்ளியிருக்கிற அறையாகப் பார்த்துப் படுக்கவை.

இடம் மாறியதில் ஒன்றே ஒன்று உண்மை: வெயில். ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் குல்லாவும் ஸ்வெட்டரும் போட்டு வளர்ந்தவன் கீழே வந்திருக்கிறான். இப்போதே எழுந்து போய் அவன் பிடரியில் கை வைத்துப் பார். வேர்த்திருந்தால் துணி அதிகம். குல்லா, காலுறை எல்லாவற்றையும் கழற்று. மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும். ஃபேன் ஓடட்டும், சளி பிடிக்கும் என்று அத்தை சொன்னால் நேராக முகத்தில் காற்று படாத மாதிரி போடு.

அத்தையோடு சண்டைக்கு நிற்காதே. திருஷ்டி சுற்றிப் போடுகிறேன் என்றால் போடட்டும், உப்பு மிளகாயை வெளியே கொண்டுபோய்ப் போட்டால் சரி. உரம் எடுக்கிறேன் என்று சேலையில் போட்டு உருட்டுவதும், தொக்கம் எடுக்கிறேன் என்று வாயில் ஊதுவதும் கூடவே கூடாது. ஜாதிக்காய் கொடுத்தால் பிள்ளை தூங்கும்தான், நஞ்சின் மயக்கத்தைத் தூக்கம் என்று எடுத்துக்கொண்டால்! உரசுகல்லில் எவ்வளவு இறங்கியது என்று யாருக்குத் தெரியும்? வசம்புக்கும் இதே பதில். ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று பெயர் வைத்தார்களே என்று கேட்பார்கள், பெயரைப் பார்த்து மருந்து கொடுக்க முடியாது. தேன் ஒரு வயது முடியும் வரை வேண்டாம். கூழும் இப்போது வேண்டாம். ஆறு மாதம் முடிய தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூடத் தேவையில்லை. கூழ் குடித்த பிள்ளை கூடுதலாகத் தூங்கும் என்பது நம் ஆசை. பால் பத்துகிறதா என்று பார்க்க, ஒரு நாளில் ஆறு முறைக்குக் குறையாமல் நன்றாகச் சிறுநீர் போகிறானா, எடை ஏறுகிறதா என்று மட்டும் பார்.

ஆனால் பகலில் சரியாகக் குடிக்கிறானா என்று கவனி. இந்த வயதில் கண்ணும் காதும் திறந்துகொள்ளும். யாராவது நடந்தால் வாயை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பான், பகலில் விட்டதை ராத்திரி வசூல் பண்ணுவான். கதவைச் சாத்திக்கொண்டு, வெளிச்சம் குறைவான அறையில் உட்கார்ந்து கொடு. காலையில் கொஞ்ச நேரம் வாசல் வெளிச்சத்தில் வைத்திரு, பொழுது சாய்ந்ததும் டிவியையும் ட்யூப்லைட்டையும் அணை. ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் விழித்திருக்க விடாதே. கண்ணைக் கசக்குவான், காதைப் பிடித்து இழுப்பான், உன் முகத்தை விட்டு வேறு பக்கம் வெறிப்பான். அந்த நேரத்தைத் தவறவிட்டால் அப்புறம் தூங்கவைக்கப் படாதபாடுதான். பகலும் இரவும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரம் தூங்கினால் போதும், துண்டு துண்டாக இருந்தாலும் கணக்கில் சேர்த்தி.

இரவின் முதல் தூக்கத்துக்கு மட்டும் ஒன்று செய்து பார். கண் செருகும்போதே, முழுசாகத் தூங்கும் முன், கீழே படுக்கவைத்து நெஞ்சில் கை வைத்துக்கொள். பத்து நாளில் ஏழு நாள் அழுவான், தூக்கிக்கொள். மூன்று நாள் தூங்கினாலே லாபம். நடுவில் முனகினால் உடனே பாயாதே. முனகல் எல்லாம் விழிப்பல்ல, ஒரு நிமிடம் பொறுத்தால் அதுவாக அடங்குவதும் உண்டு.

தூளிக்கு நான் எதிரியில்லை, என் பிள்ளைகள் இருவரும் அதில் ஆடியவர்கள்தான். ஆனால் உன் மகன் இன்றோ நாளையோ குப்புற விழுவான். தூளிக்குள் புரண்டால் துணி மூக்கை அடைக்கும், மோவாய் நெஞ்சில் அழுந்தினாலும் மூச்சுக்கு இடைஞ்சல். ராத்திரிக்குக் கெட்டியான பாயும் விரிப்பும்தான் சரி. மல்லாக்கப் படுக்கவை. கடுகுத் தலையணை, அணைகட்டுகிற துணி மூட்டை எதுவும் வேண்டாம்.

இத்தனை செய்தும் நாளைக்கே சரியாகிவிடாது. இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரம் இழுக்கலாம். அதுவரை தாங்க வேண்டியது நீ என்பதால், இந்தப் பாராவை உன் கணவரிடம் படித்துக் காட்டு. தம்பி, தறிக்கு ஷிப்ட் போடத் தெரிந்த வீடு உங்களுடையது. எட்டரைக்குப் பால் கொடுத்துவிட்டு அவள் வேறு அறையில் படுக்கட்டும். ஒரு மணி வரை பிள்ளை உங்கள் பொறுப்பு. விழித்தால் தட்டுங்கள், தோளில் போட்டு நடங்கள். பசிதான் என்று தெரிந்தால், பீய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்த பாலை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடாக்கி, பாலாடையில் புகட்டுங்கள். ஒரு மணிக்கு மேல் அவள் பார்த்துக்கொள்வாள். விடியற்காலை ஐந்துக்கு அத்தை எழுந்து வாங்கிக்கொண்டால் இன்னும் இரண்டு மணி நேரம் அவளுக்குக் கிடைக்கும். நாலு மணி நேரம் தொடர்ந்து தூங்கிய தாய்க்கும் தூங்காத தாய்க்கும் உள்ள வித்தியாசத்தை மூன்றாம் நாளே பார்ப்பீர்கள்.

சில விஷயங்களுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. காய்ச்சல், பால் மறுப்பது, சிறுநீர் குறைவது, பச்சையாக வாந்தி, மூச்சு வாங்கும்போது விலா உள்ளே இழுப்பது, எதற்கும் அடங்காத வீறிடல் என்றால் அன்றைக்கே டாக்டர். தூங்கி எழுந்ததும் தலை கவிழ்ந்து, கை விரிந்து, திடுக் திடுக்கென்று வரிசையாகத் தூக்கிப்போட்டால் அது சாதாரண விழிப்பல்ல. செல்போனில் படம் எடுத்துக்கொண்டு உடனே போ. அதேபோல, பிள்ளை தூங்கும்போதும் உனக்குத் தூக்கம் வரவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, தனக்கோ பிள்ளைக்கோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற நினைப்பு வருகிறது என்றால் அது உன் குறையல்ல, வைத்தியம் உள்ள நோய். 14416 என்ற டெலி மனஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

கிளம்பி வந்துவிடு என்று அம்மா கூப்பிடுவதாக எழுதியிருந்தாய். பிள்ளைக்காக என்றால் வேண்டாம். உனக்கு ஒரு வாரம் கை மாற்ற ஆள் வேண்டும் என்றால் தாராளமாகப் போய் வா, அதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிளம்பாதே, டூரிஸ்ட் வண்டிகள் கொண்டை ஊசி வளைவில் வரிசை கட்டி நிற்கும். அடிவாரத்திலேயே வயிறு முட்டக் கொடுத்துவிடாமல், பாதி மலை ஏறியதும் ஓரமாக வண்டியை நிறுத்திப் பால் கொடு. விழுங்கும்போது காது அடைப்பு விடும், இருபது வளைவும் அழாமல் வருவான்.