அப்படியே பாடினால் அது கவர் இல்லை

கேள்வி: என் மகள் பழைய பாடல்களைத் தன் குரலில் 'கவர்' என்று பாடி யூடியூபில் போடுகிறாள். மெட்டை அங்கங்கே வளைக்கிறாள், வேகத்தை மாற்றுகிறாள். 'அருமையான பாட்டைக் கெடுக்காதே, ஒரிஜினலை அப்படியே பாடு' என்று சொன்னால் கோபித்துக்கொள்கிறாள். ஒரிஜினலே இருக்கும்போது இந்தக் கவர் எல்லாம் எதற்கு? உங்களுக்குப் பிடித்த கவர் என்று ஒன்றாவது உண்டா? (ஒரு வாசகர்)

பதில்: உங்கள் மகள் கோபித்துக்கொண்டதில் நியாயம் இருக்கிறது. அப்படியே பாடு என்கிறீர்கள். அப்படியே பாடியவர் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறாரே! போனைத் தட்டினால் அவர் குரலே கிடைக்கிறது. அதே இடத்தில் அதே மூச்சு, அதே குழைவு, அதே சிரிப்பு என்று நகலெடுப்பது மெல்லிசை மேடைக்குச் சரி. அங்கே கூட்டம் கேட்பதே அதைத்தான். தன் பெயரில் ஒரு பாட்டைப் பாடிப் பதிவு செய்கிறவருக்கு அது போதாது.

ஒரிஜினல் என்ற பக்தியையும் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். தியாகராஜர் மறைந்தது 1847-ல். எடிசன் ஒலியைப் பதிந்து திரும்பக் கேட்க வைத்தது 1877-ல். நடுவில் முப்பது வருடம். அவர் தன் கீர்த்தனைகளை எப்படிப் பாடினார் என்று இன்று இருக்கும் யாரும் கேட்டதில்லை. சீடரிடமிருந்து சீடருக்கு, ஒருவர் ஒரு சங்கதி (ஒரே வரியை வேறுபடுத்திப் பாடும் விதம்) சேர்த்து, இன்னொருவர் ஒன்றை விட்டு, பாடாந்தரம் பாடாந்தரமாக (ஒவ்வொரு குருவழிக்கும் உரிய பாடும் முறையாக) அவை நம்மிடம் வந்து சேர்ந்தன. 'எந்தரோ மகானுபாவுலு' என்று நாம் உருகுவதெல்லாம் வேறு யாரோ பாடியதைக் கேட்டுத்தான். அங்கே 'கெடுத்துவிட்டார்கள்' என்று யாரும் சண்டைக்கு வருவதில்லை. இவர் பாடாந்தரம் பிடிக்கும், அவருடையது அவ்வளவாகப் பிடிக்காது என்று பேசிவிட்டுப் போகிறோம். சினிமாப் பாட்டுக்கு மட்டும் வேறு சட்டம் ஏன்? முதலில் கேட்ட குரல் காதில் உறைந்துவிட்டது, அதனால்தான். அது நம் பழக்கம். பாட்டின் மேல் குற்றமில்லை.

பாரதியின் 'சின்னஞ்சிறு கிளியே'வை எடுத்துக்கொள்ளுங்கள். 1951-ல் வந்த 'மணமகள்' படத்தில் சி.ஆர். சுப்பராமன் இசையில் எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் பாடினார்கள். காபி ராகத்தில் தொடங்கி ராகம் ராகமாக மாறிச் செல்லும் ராகமாலிகை. கச்சேரி மேடைக்கும் போய், இதுதான் அந்தப் பாட்டின் மெட்டு என்று சொல்லும் அளவுக்கு நிலைத்துவிட்டது. அப்படி நிலைத்த ஒன்றை 1987-ல் 'நீதிக்குத் தண்டனை' படத்துக்காக எம்.எஸ். விஸ்வநாதன் தொட்டார். முற்றிலும் வேறு மெட்டு. ஜேசுதாஸோடு பாடியவர் ஸ்வர்ணலதா, அப்போது அவருக்கு வயது 14, அதுதான் முதல் சினிமாப் பாட்டு. இரண்டையும் ஒரே மூச்சில் கேளுங்கள். 'உன்கண்ணில் நீர்வழிந்தால் என்நெஞ்சில் உதிரங் கொட்டுதடி' என்ற வரி வரும்போது நின்று கவனியுங்கள். எழுத்து மாறவில்லை, நெஞ்சு மட்டும் வேறு நெஞ்சாக இருக்கிறது. ஒன்றைக் கேட்டதால் இன்னொன்று எனக்குக் குறையவில்லை. விஸ்வநாதன் பழைய மெட்டுக்கு மரியாதை என்று கையைக் கட்டிக்கொண்டிருந்தால் நமக்குத்தான் நஷ்டம்.

பிடித்த கவர் ஒன்று சொல்லச் சொன்னால் அமெரிக்கப் பாடகி அரேதா ஃப்ராங்க்ளின் 1967-ல் பாடிய 'ரெஸ்பெக்ட்'. எழுதி முதலில் பாடியவர் ஓட்டிஸ் ரெட்டிங், 1965-ல். அவர் பாடியதில் ஒரு ஆண், வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறான். என் பணம் முழுக்க உனக்குத்தான், நான் வீடு திரும்பும்போது கொஞ்சம் மரியாதை கொடு, அது போதும் என்று கேட்கிறான். நல்ல பாட்டு, குறை சொல்ல ஒன்றுமில்லை. அரேதா அதை ஒரு பெண்ணின் வாயில் வைத்தார். உன் முத்தம் தேனைவிட இனிப்பு, என் பணமும் அப்படித்தான் என்கிறாள் அவள். பணம் இப்போது அவளுடையது! மரியாதையைக் கெஞ்சவில்லை, கொடு என்கிறாள். 'ரெஸ்பெக்ட்' என்ற சொல்லை எழுத்தெழுத்தாக உச்சரிக்கிறாரே, பாட்டு என்றாலே நினைவுக்கு வரும் அந்த இடம், அது ரெட்டிங் பாட்டில் இல்லவே இல்லை. பின்னணியில் அரேதாவின் சொந்தச் சகோதரிகள் விடாமல் அழுத்தம் கொடுக்கிறார்கள். நடுவில் ஒரு சாக்ஸபோன் பகுதி, அதுவும் புதிதாகச் சேர்த்தது. பெண் உரிமைக்கும் கறுப்பின மக்களின் உரிமைக்கும் குரல் கொடுத்தவர்கள் அந்தப் பாட்டைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண் என்னிடமிருந்து இதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று ரெட்டிங்கே அந்த வருடம் மேடையில் சொல்லிவிட்டுப் பாடினார்.

அமெரிக்காவின் கன்ட்ரி (நாட்டுப்புறச் சாயல் கொண்ட இசை) பாடகர் ஜானி கேஷ் 2002-ல் பாடிய 'ஹர்ட்' கதையும் கிட்டத்தட்ட இதுதான். ராக் பாடகர் ட்ரென்ட் ரெஸ்னர் எழுதியபோது அது ஒரு இளைஞனின் வலி. எழுபது வயதில், உடம்பு தளர்ந்து, குரல் உடைந்து கேஷ் பாடியபோது அது வாழ்நாள் முழுவதுக்குமான கணக்குத் தீர்ப்பாகிவிட்டது. மாற்றிய சொல் ஒன்றே ஒன்றுதான். கெட்ட வார்த்தை இருந்த இடத்தில், ஏசுவின் தலையில் வைத்த முள்முடி வந்தது.

அதற்காக உங்கள் எரிச்சலை நான் தள்ளவில்லை. எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் பாதி வேகத்துக்கு இறக்கி, கண்ணை மூடி, கிடாரை வருடி, குரலுக்கு எக்கோவை ஊற்றினால் ஆழம் வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். குதிக்க வேண்டிய பாட்டை ஏன் அழ வைத்தாய் என்று கேட்டால் பதில் இருக்காது. பழைய பாட்டுக்கு அடியில் டிரம்ஸைத் தட்டிவிட்டு ரீமிக்ஸ் என்று பெயர் வைத்த படங்களையும் ஒரு காலத்தில் வரிசையாகப் பார்த்தோம். இரண்டிலும் ஒரே குறைதான். மேல்சட்டையை மாற்றினார்கள், சொல்கிற ஆள் யார் என்று யோசிக்கவில்லை. அரேதா யோசித்தார், கேஷ் யோசித்தார். மெட்டு, வேகம், வாத்தியம் எல்லாம் அந்த ஒரு முடிவுக்குப் பின்னால் தானாக வரும்.

சில சமயம் அந்த முடிவு, எதையும் தொடாமல் விடுவதாகவும் இருக்கலாம். அமெரிக்கப் பாடகி ட்ரேசி சாப்மனின் 'ஃபாஸ்ட் கார்' 1988-ல் வந்தது. 2023-ல் கன்ட்ரி பாடகர் லூக் கோம்ப்ஸ் பாடினார். பாட்டில் பேசுவது கடையில் பில் போடும் ஒரு பெண். ஆண் பாடுவதால் அதை 'பையன்' என்று மாற்றியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் 'பெண்' என்றே விட்டார். அந்தக் கதை அவளுடையது என்று தெரிந்து பாடியிருக்கிறார். 2024 கிராமி மேடையில் இருவரும் சேர்ந்து பாடியபோது, சாப்மன் பாடும் இடங்களில் கோம்ப்ஸ் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார். வீடியோவைத் தேடிப் பாருங்கள்.

ஆகவே மகளிடம் 'மாற்றாதே' என்று சொல்லாதீர்கள். 'இந்த வரியை ஏன் இப்படி இழுத்தாய்?' என்று கேளுங்கள். அவளிடம் பதில் இருந்தால், உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் அது அவள் பாட்டு. பதில் இல்லையென்றால் அவளே திரும்பப் பாடிப் பார்ப்பாள். அப்புறம், வீடியோவுக்குக் கீழே என்ன எழுதுகிறாள் என்று ஒருமுறை பாருங்கள். படத்தின் பெயரையும் நடிகரின் பெயரையும் மட்டும் போட்டுவிட்டுப் போகிற வழக்கம் எங்கும் இருக்கிறது. பாட்டை எழுதியவர், இசையமைத்தவர், முதலில் பாடியவர் மூன்று பேர் பெயரும் அங்கே இருக்க வேண்டும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள்.