தீங்கு செய்தவருக்கு இரங்குவது எப்படி? உபதேசியாரிடம் சில கேள்விகள்

தங்கச்சிமடம் சகோதரி: ஐயா, எங்க நாத்தனார் ஊர் பூரா என்னை அசிங்கப்படுத்திட்டாங்க. அவங்களுக்காகச் செபிக்க உட்கார்ந்தா சாபந்தான் வருது.

பதில்: அன்பு பொங்கி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள் அம்மா. லூக்கா 6:27-28இல் இயேசு நான்கு காரியம் சொல்கிறார்: அன்பு கூர்வது, நன்மை செய்வது, ஆசி கூறுவது, வேண்டுவது. கடைசியிலிருந்து தொடங்குங்கள். ஒன்பது நாள், ராத்திரி செபமாலை முடிந்ததும், அவருடைய தேவை ஒன்றைச் சொல்லிக் கேளுங்கள்: மகள் படிப்பு, மூட்டுவலி, மீட்க வேண்டிய நகை. ‘அவளைத் திருத்தும் ஆண்டவரே’ வேண்டாம். அப்படித் தொடங்கினால் இரண்டாம் வரியிலேயே செபம் புகாராகிவிடும். முதல் சில நாள் உதடு மட்டும் சொன்னால் போதும்.

அன்பியக் கூட்டத்தில் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் செபக் கூட்டம்) மட்டும் அவர் பேரைச் சொல்லிச் செபிக்காதீர்கள். அது புறணி. வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு.

பாம்பன்: எத்தனை தடவை மன்னிக்கிறது?

பதில்: மத்தேயு 18:22, ‘எழுபது தடவை ஏழுமுறை’. எண்ணாதீர்கள்.

ஓலைக்குடா: நாட்டுப்படகுக்காரன் நான். கரையோரம் விட்ட வலையை நம்ம ஊர் விசைப்படகு ஒண்ணு அறுத்துட்டுப் போயிருச்சு. மன்னிச்சுட்டேன்னு சும்மா இருக்கணுமா?

பதில்: இல்லை தம்பி. மத்தேயு 18:15-17 வரிசையில் போங்கள். முதலில் தனியாக அவர் வீட்டுக்கு. அறுந்த வலைத் துண்டு, மிதவை, படகின் பதிவு எண், நேரம் எல்லாம் கையில் இருக்கட்டும். கேட்கவில்லையென்றால் இரண்டு பேரோடு. அதற்கும் மசியாவிட்டால் ஊர்க் கமிட்டி, பிறகு மீன்வளத்துறை. 1983ஆம் வருடச் சட்டப்படி கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது. வலையின் விலையை மட்டும் கேளுங்கள். கோபத்துக்கும் சேர்த்துக் கூட்டிக் கேட்டால் அது பழி.

இரக்கத்துக்கு இடம் எங்கே என்றால், விடுதலைப் பயணம் 23:4-5 பாருங்கள்: பகைவனின் கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் தூக்கிவிடு. நம் கடலில் அது இன்ஜின் நின்ற படகு. நாட்டுப்படகால் விசைப்படகை இழுக்க முடியாது. நங்கூரம் போடச் சொல்லி, தண்ணீர் கேனை நீட்டி, கரைக்குத் தகவல் சொல்லுங்கள். ஆபத்தென்றால் கடலோரக் காவல்படை, 1554. வேறு படகு வரும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். வலைப் பேச்சை அப்போது எடுக்காதீர்கள். கையேந்தி நிற்கிறவரால் மறுத்துப் பேச முடியாது. கரைக்கு வந்தபிறகு, வலைக் கணக்கு அப்படியே நிற்கும்.

மண்டபம்: மறு கன்னத்தைக் காட்டச் சொன்னவர் எங்கே, கமிட்டிக்குப் போகச் சொல்ற நீங்க எங்கே?

பதில்: தலைமைக்குரு முன்னால் காவலன் அறைந்தபோது அதே இயேசு ‘ஏன் என்னை அடிக்கிறீர்?’ என்று கேட்டார், யோவான் 18:23. திருப்பி அடிக்கவும் இல்லை, வாயை மூடவும் இல்லை. பவுலும் பிலிப்பியில் விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகளே நேரில் வந்து விடுவிக்க வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார்.

மண்டபம்: அப்போ ஓரியூர்ல வேதம் போதிச்சதுக்காக உயிர் விட்ட புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) எந்தக் கமிட்டிக்குப் போனார்?

பதில்: நல்ல கேள்வி. 1686இல் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். இனி மறவர் சீமையில் போதிக்கக் கூடாது என்று சொல்லித்தான் சேதுபதி விட்டார். தலை போகும் என்று தெரிந்தே திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4இல் தலை போனது. அவர் கொடுத்தது தன் கழுத்தை, மனமறிந்து. அந்த ஓரியூர் மணலை நெற்றியில் பூசிக்கொண்டு, வலை அறுந்தவனைப் பார்த்து ‘நீ பொறுத்துக்கொள்’ என்று சொல்வது வேறு. தன் கன்னத்தைக் காட்டலாம். அடுத்தவர் கன்னத்தைப் பிடித்துத் திருப்ப நமக்கு உரிமை கிடையாது.

தொண்டி: பகைவனுக்குச் சோறு போட்டா அவன் தலைமேல் நெருப்புத்தணலைக் குவிப்பதுன்னு பைபிள்ல இருக்கே, அதுவும் பழிதானே?

பதில்: உரோமையர் 12:20ஐ அடுத்த வசனத்தோடு சேர்த்து வாசியுங்கள்: தீமையை நன்மையால் வெல்லுங்கள். அவன் வெட்கப்பட்டு மனம் திரும்பும் சூடு அது. அவன் பசிக்குச் சோறு போடுங்கள். போட்டதை அன்பியத்தில் சாட்சி சொல்லாதீர்கள்.

வேதாளை: எத்தனை தடவைதான் மன்னிக்கிறது ஐயா?

பதில்: பாம்பன்காரருக்குச் சொன்னதே. ஒரே ஆளின் ஒரே அடியை நினைத்து நூறு தடவை மன்னிக்க வேண்டிவரும், அதுவும் அதில் அடக்கம். இதே கேள்வியை இனி எடுக்க மாட்டேன்.

பேர் வேண்டாம்: வீட்டுக்காரர் குடிச்சுட்டு அடிக்கிறார். சிலுவையைச் சுமன்னு சொல்றாங்க.

பதில்: அம்மா, இது சிலுவை இல்லை. 181க்கு இப்போதே போன் செய்யுங்கள். பிள்ளைகளையும் ரேஷன் கார்டு, ஆதாரையும் எடுத்துக்கொண்டு தாய்வீட்டுக்கோ மடத்துக் கன்னியர்களிடமோ போய்விடுங்கள். தன்னைக் கொல்லப் பார்த்த சவுல் அரசனை மன்னித்த தாவீது அவன் ஈட்டி எட்டும் தூரத்தில் போய் உட்காரவில்லை. அவருக்காகச் செபிப்பதை அங்கே போய்ச் சேர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.