விச்செரா – கடிதம்

அன்புள்ள ஐயா,

ருஷ்ய மொழி படிக்கிறேன். 'நேற்று' என்பதற்கு முன்ஸ்லாவியச் (ருஷ்யம் முதலிய ஸ்லாவிய மொழிகளுக்கெல்லாம் தாய்மொழி) சொல் *விச்செரா என்று நட்சத்திரக் குறி போட்டிருக்கிறார்கள். 'மாலை'யிலிருந்து வந்ததாம். முதல் உயிர் ஏன் மாறியது என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை. யாரும் காதால் கேட்டிராத சொல்லுக்கு இத்தனை சண்டையா? வேலையற்றவர்கள். 'உத்ரா' (காலை) நம் உஷஸ் (வடமொழியில் விடியல்) தானே?

கே.

அன்புள்ள கே.,

அந்தச் சொல்லோடு எனக்குப் பழைய பகை உண்டு. சொல்முதலில் இரண்டு மெய் சேர்ந்து நிற்பது தமிழ் நாக்குக்கு ஆகாது. ருஷ்ய வகுப்பில் 'வ்ச்செரா' வராமல் எல்லோரும் 'விச்செரா' என்போம். ஆசிரியை மேசையைத் தட்டுவார். அவருடைய முன்னோர் அப்படித்தான் சொன்னார்கள் என்று அன்றைக்குத் தெரிந்திருந்தால் வாயாடியிருப்பேன்.

ஸ்லாவியத்தின் மிகப் பழைய எழுத்து மொழியான சர்ச் ஸ்லாவிய ஏடுகளில் அந்த இகரம் எழுத்திலேயே இருக்கிறது, நம் குற்றியலிகரம் மாதிரி. ருஷ்யத்தில் 12ஆம் நூற்றாண்டு வாக்கில் இத்தகைய உயிர்கள் வலுவற்ற இடங்களில் உதிர்ந்தன. எகரம் என்றால் உதிர்ந்திருக்காது. மாலையைக் குறிக்கும் 'வேச்செர்' இன்றும் எகரத்தோடு இருக்கிறதே! நட்சத்திரக் குறி கற்பனைக்குப் போடுவதல்ல. மகள் மொழிகளை வைத்துக் கணக்குப் போட்டு எடுத்த வடிவம் அது.

மாலைக்கும் நேற்றுக்கும் உள்ள உறவில் சிக்கல் இல்லை. ஸ்லாவியத்தின் உறவு மொழியான லித்துவேனியனில் 'வாக்கரஸ்' மாலை, 'வாக்கர்' நேற்று. ஸ்லாவியத்தில் மட்டும் ஒன்றில் எகரம், மற்றதில் இகரம் ஏன்? வேரின் உயிர் ஆதியிலேயே இரு நிலையில் இருந்தது என்பது ஒரு கட்சி. புழங்கிப் புழங்கித் தேய்ந்தது என்பது இன்னொன்று. நான் தேய்மானக் கட்சி. 'இப்பொழுது' நம் வாயில் 'இப்ப' ஆனது எந்த விதிப்படி? ருஷ்யரின் 'சிச்சாஸ்' (இப்போது) பேச்சில் 'ஷ்ஷாஸ்' ஆகிவிட்டது. எல்லா ஸ்லாவிய மொழியிலும் ஒரே இடத்திலா தேயும் என்று எதிர்க்கட்சி மடக்கும். மொழிகள் பிரியும் முன்பே தேய்ந்திருந்தால் தேயும்.

வேலையற்றவர்களா? மாக்ஸ் ஃபாஸ்மர் சேர்த்துவைத்த குறிப்பட்டைகள் 1944இல் பெர்லின் குண்டுவீச்சில் போயின. மனிதர் மறுபடி உட்கார்ந்து, 1950 முதல் பகுதி பகுதியாக ருஷ்யச் சொற்பிறப்பு அகராதியை வெளியிட்டார். அப்படி எழுத உங்களுக்குக் கை கூசவில்லையா? படிக்கிற பிள்ளை என்பதால் இத்தோடு விடுகிறேன்.

உத்ரா வழக்கு தனி. காதுக்கு ஒன்றுபோல் ஒலிப்பதெல்லாம் சாட்சியாகாது. உஷஸில் இருக்கும் ஊஷ்ம ஒலி (ஷ, ஸ போன்றவை) உத்ராவில் எங்கே போனது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.