65,000 ரூபாய் சான்றிதழை யார் படிக்கப் போகிறார்கள்?

கேள்வி: எனக்கு வயது 27. பி.காம். முடித்துவிட்டு, திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் நான்கு வருடங்களாக எச்.ஆர். எக்ஸிகியூட்டிவாக இருக்கிறேன். சுமார் 600 தொழிலாளர்கள். வருகைப் பதிவு, சம்பளப் பட்டியல், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் என் பொறுப்பு. சம்பளம் 24,000 ரூபாய். ஐ.டி. நிறுவனங்களில் மனிதவள மென்பொருள் சார்ந்த வேலைக்கு மாற விரும்புகிறேன். ஒரு பயிற்சி மையத்தில் "வொர்க்டே சான்றிதழ், வேலை உத்தரவாதம்" என்று 65,000 ரூபாய் கேட்கிறார்கள். 5,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன். மீதியை மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும். என் தோழியோ எஸ்.எச்.ஆர்.எம். தேர்வு எழுதினால் போதும் என்கிறாள். நான் எதை எடுப்பது?
– திருப்பூர் வாசகி

பதில்: சகோதரி, மீதி 60,000 ரூபாயைக் கட்டாதீர்கள். மற்றதையெல்லாம் இதற்குப் பிறகு பேசலாம்.

வொர்க்டே என்பது டேவ் டஃபீல்டும் அனீல் பூஸ்ரியும் 2005-ல் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம். உலகின் பெரிய கம்பெனிகள் பல அதன் மென்பொருளில்தான் தங்கள் ஊழியர் விவரங்களை வைத்திருக்கின்றன. ஆகவே அது தெரிந்தவர்களுக்கு நல்ல சம்பளம் கிடைக்கிறது என்று உங்களிடம் சொன்னது உண்மைதான். சொல்லாமல் விட்டது வேறு. அந்த நிறுவனம் தன் சான்றிதழ்த் தேர்வைப் பெரும்பாலும் இரண்டு தரப்புக்கே நடத்தி வந்திருக்கிறது. மென்பொருளை வாங்கிய நிறுவனங்களின் ஊழியர்கள் ஒரு தரப்பு; அதை நிறுவித் தரும் கூட்டாளி நிறுவனங்களின் ஊழியர்கள் இன்னொரு தரப்பு. தெருமுனைப் பயிற்சி மையத்தில் பணம் கட்டியவருக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. அங்கே கையில் கிடைக்கப் போவது அந்த மையமே அச்சடித்த தாள். பாடம் ஒருவேளை நன்றாகவே நடக்கலாம். ஆனால் நீங்கள் பணம் கொடுப்பது வொர்க்டே என்ற பெயருக்கு. அந்தப் பெயரை உங்களுக்குத் தரும் உரிமை அவர்களிடம் இருக்கிறதா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். கோவைப் பக்கம் ஒரு மில்லின் டைம் ஆபீஸில்தான் என் வேலை தொடங்கியது. சென்னைக்கு மாறும் ஆசையில், வீட்டு நகையை அடகு வைத்து ஒரு மையத்தில் இப்படித்தான் மென்பொருள் சான்றிதழ் வாங்கினேன். நேர்காணலில் இருந்த அம்மையார் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் சரிபார்ப்பு எண் எங்கே?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. தாளை ஓரமாக வைத்துவிட்டு, மில்லில் மூன்று ஷிப்டுக்கும் ஓவர்டைம் எப்படிக் கணக்கிட்டேன், மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் தவறினால் என்ன செய்தேன் என்று அரை மணி நேரம் கேட்டார். வேலை அந்த அரை மணி நேரத்தால் கிடைத்தது. நகையை மீட்க இரண்டு வருடங்கள் ஆயின.

அன்றிலிருந்து யார் வந்து சான்றிதழ் பற்றிக் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: அதை யார் படிக்கப் போகிறார்கள்? மனிதவளத் துறையில் ஒரு சான்றிதழைச் சட்டம் படிக்கலாம், வெளிநாட்டுத் தொடர்புள்ள நிறுவனம் படிக்கலாம், மென்பொருள் திட்டம் ஒன்றுக்கு ஆள் தேடும் மேலாளர் படிக்கலாம். ஒருவருக்கு எழுதிய கடிதம் இன்னொருவருக்குப் பயன்படாது.

உங்கள் தோழி சொன்னதை எடுத்துக்கொள்வோம். எஸ்.எச்.ஆர்.எம். என்பது 1948-ல் தொடங்கிய அமெரிக்க மனிதவள அமைப்பு. அதன் தொடக்கநிலைத் தேர்வான எஸ்.எச்.ஆர்.எம்.-சி.பி.யில் 134 கேள்விகள். நேரம் 3 மணி 40 நிமிடம். அதில் கணிசமான பகுதி, இரு மேலாளர்கள் முட்டிக்கொண்டால் முதலில் என்ன செய்வீர்கள் என்பது போன்ற சூழ்நிலைக் கேள்விகள். தேறினால் சான்றிதழ் மூன்று வருடம் செல்லும். அதற்குள் 60 மதிப்பெண் அளவுக்குத் தொடர் கல்வி காட்ட வேண்டும், அல்லது மறுபடி தேர்வு எழுத வேண்டும். அமெரிக்கத் தலைமையகம் கொண்ட நிறுவனங்களின் சென்னை, பெங்களூரு அலுவலகங்களில் இதற்கு மரியாதை உண்டு. ஆனால் மென்பொருளை இயக்கத் தெரியும் என்பதற்கு இது சாட்சி ஆகாது. ஐந்தாறு வருடம் கழித்து, ஒரு பிரிவுக்கே மனிதவளப் பொறுப்பாளராக நீங்கள் உயரும் நேரத்தில் எடுத்தால் பொருந்தும்.

எச்.ஆர்.சி.ஐ. என்ற இன்னோர் அமெரிக்க அமைப்பின் தேர்வுகளில் ஒரு கண்ணி இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். பி.எச்.ஆர். என்ற தேர்வு அமெரிக்கத் தொழிலாளர் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. பி.எச்.ஆர்.ஐ., அதாவது கடைசியில் ஓர் 'ஐ' சேர்ந்தது, அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்கானது. என்னிடம் வேலை பார்த்த ஓர் இளைஞர் இந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல் முதல் தேர்வுக்கான தடித்த புத்தகத்தை வாங்கி, இரண்டு மாதம் அமெரிக்க விடுப்புச் சட்டத்தை மனப்பாடம் செய்துவிட்டார். இளநிலைப் பட்டமும் இரண்டு வருட அனுபவமும் இருந்தால் பி.எச்.ஆர்.ஐ. எழுதலாம், உங்களுக்கு அந்தத் தகுதி இன்றே இருக்கிறது. ஆனால் விண்ணப்பமும் தேர்வுமாகக் கட்டணம் 500 டாலரை ஒட்டி வரும். உங்கள் ஒன்றரை மாதச் சம்பளத்துக்கு மேல். இப்போது வேண்டாம்.

பிரிட்டனில் 1913-ல் தொடங்கிய சி.ஐ.பி.டி. பற்றியும் யாராவது சொல்வார்கள். லண்டனுக்கோ வளைகுடாவுக்கோ போகும் எண்ணம் இருந்தால் மட்டும் அதைப் பாருங்கள்.

இனி நீங்கள் உண்மையில் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கேள்வியில் ஒரு வரியில் கடந்துபோன இடத்தில்தான் உங்கள் மூலதனம் இருக்கிறது: "சம்பளப் பட்டியல், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் என் பொறுப்பு." மனிதவள மென்பொருள் நிறுவித் தரும் குழுக்களில் கணினி தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். சம்பளம் தெரிந்தவர்கள் குறைவு. இது எனக்கு நாள்தோறும் கண்ணில் படும் குறை.

ஓர் உதாரணம். ஒருவர் கோவைக் கிளையிலிருந்து பெங்களூருக்கு மாற்றலாகிறார். தமிழ்நாட்டில் தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை. அரையாண்டு வருமானத்தைப் பார்த்து உள்ளாட்சி அமைப்புக்குக் கட்டுவது. கர்நாடகத்தில் மாதாமாதம் மாநில அரசுக்குக் கட்டுவது. மாற்றல் ஜூலை 17-ல் நடந்தால் எந்த மாதம், எந்த ஊருக்கு, எவ்வளவு பிடிக்க வேண்டும்? மென்பொருளில் இதற்கான விதியை எழுதும் கணினிப் பட்டதாரி தடுமாறும் இடம் இது. திருப்பூர் மாநகராட்சிக்குத் தொழில் வரி கட்டிப் பழகிய உங்களுக்கு, என்ன கேள்வி கேட்க வேண்டும் என்றாவது தெரியும்.

இன்னொன்று, இப்போது எல்லா நிறுவனங்களும் கையைப் பிசைவது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 29 மத்தியச் சட்டங்கள் அவற்றுக்குள் அடங்கின. ஊதியம் என்ற சொல்லின் பொருளே மாறிவிட்டது. ஒருவரின் மொத்தச் சம்பளம் 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிப்படைச் சம்பளம் 9,600. வீட்டு வாடகைப் படியும் சட்டம் விலக்கு அளிக்கும் மற்றப் படிகளும் 14,400. புதிய விதிப்படி விலக்குப் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பாதி என்பது 12,000. தாண்டிய 2,400 ரூபாயை ஊதியத்தோடு சேர்க்க வேண்டும். ஆக ஊதியம் 12,000. பணிக்கொடையை, அதாவது கிராஜுவிட்டியை, 15/26 என்ற கணக்கில் (மாதத்துக்கு 26 வேலை நாள், அதில் 15 நாள் ஊதியம்) போட்டுப் பாருங்கள். 9,600-க்கு ஒரு வருடச் சேவைக்கு 5,538 ரூபாய் வரும்; 12,000-க்கு 6,923 ரூபாய். ஒரு தொழிலாளிக்கு வருடத்துக்கு 1,385 ரூபாய் வித்தியாசம். 600 பேருக்கு இதைச் சரியாகப் போட்டுக் காட்டும் ஆளை எந்த மென்பொருள் நிறுவனமும் எளிதில் விட்டுவிடாது. வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாட்களில் ஊதியத்தைத் தீர்க்க வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது. மாதக் கடைசியில் ஒருமுறை ஓடும் சம்பள மென்பொருளை வைத்துக்கொண்டு அதை எப்படிச் செய்வது என்று யோசித்துப் பாருங்கள். நேர்காணலில் பேச உங்களுக்கு ஒரு நல்ல விஷயம் கிடைத்துவிடும்.

இந்த மூலதனத்தின் மேல்தான் சான்றிதழை வைக்க வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால், காசு செலவழிக்காமல் தொடங்குவேன். இந்தியச் சம்பள மென்பொருள்களில் ஒன்றான கிரேட்எச்.ஆர். தன் அகாடமியில் இலவசப் பாடங்களும் சான்றிதழும் தருகிறது. அது பெரிய பெயர் என்று சொல்ல மாட்டேன். மென்பொருள்காரர்கள் பேசும் மொழி காதில் விழ உதவும். கூடவே எக்செல்லை நன்றாகத் தீட்டிக்கொள்ளுங்கள். எக்ஸ்லுக்கப்பும் பிவட் டேபிளும் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு 600 பேரின் விவரங்களை மாற்றும்போது பிறந்த தேதி மாறிய வரி எது, பி.எஃப். எண் இருமுறை வந்த வரி எது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் பாதி.

அடுத்து எஸ்.ஏ.பி. சக்சஸ்ஃபேக்டர்ஸ். வொர்க்டேயின் போட்டியாளர், இந்தியாவில் பெரிய தொழிற்சாலைகள் பல இதைப் பயன்படுத்துகின்றன. நமக்கு முக்கியமானது, தனி ஆளாகவே அதன் அதிகாரபூர்வத் தேர்வைக் கட்டணம் கட்டி எழுதலாம் என்பது. எஸ்.ஏ.பி.யின் சொந்தக் கற்றல் தளத்தில் பாடங்கள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. அதில் எம்ப்ளாயி சென்ட்ரல் என்ற பகுதியை எடுங்கள். ஊழியரின் அடிப்படைப் பதிவேடு அது, மற்றவை எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. ஆட்சேர்ப்புப் பகுதி கவர்ச்சியாகத் தெரியும், ஆனால் உங்கள் அனுபவம் அதில் இல்லை. தேறியவருக்கு இணையத்தில் யாரும் சரிபார்க்கக்கூடிய மின்பதக்கம் கிடைக்கும். அன்று அந்த அம்மையார் என்னிடம் கேட்டது அதைத்தான். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: இந்த மென்பொருள் வருடத்துக்கு இரண்டு முறை புதுப்பிக்கப்படுகிறது. சான்றிதழையும் உயிரோடு வைத்திருக்கத் தொடர்ந்து சிறு தேர்வுகளை முடிக்க வேண்டும்.

எண்களில் உங்களுக்கு ஆர்வம் இருந்தால் எண்களை வரைபடமாக்கும் மென்பொருளான மைக்ரோசாஃப்டின் பவர் பி.ஐ.க்கான சான்றிதழ், பி.எல்.-300, இன்னொரு நல்ல வழி. பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம், வருடா வருடம் புதுப்பிப்பதும் இலவசம். உங்கள் ஆலையில் எந்த லைனில் ஆட்கள் அதிகம் வேலையை விட்டுப் போகிறார்கள் என்பதை வரைபடமாக்கிப் பழகுங்கள். பெயர்களையும் ஆதார் எண்களையும் நீக்கிவிட்டு, முதலாளியின் அனுமதியோடு செய்யுங்கள். தொழிலாளர்களின் விவரங்கள் அவர்கள் நம்மை நம்பிக் கொடுத்தவை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒரு வழியும் சொல்கிறேன், சொல்லாமல் விட மனம் வரவில்லை. தொழிற்சாலையில் தொழிலாளர் நல அலுவலர் பதவியைச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது. பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில் 500 தொழிலாளர்கள் என்றிருந்த வரம்பு புதிய தொகுப்பில் 250 ஆகியிருக்கிறது. பின்னலாடை ஊரில் இதன் அர்த்தம் உங்களுக்கே புரியும். இந்தப் பதவிக்கு எந்த அமெரிக்கத் தாளும் செல்லாது; மாநில விதி சொல்லும் படிப்பு வேண்டும். சென்னை அம்பத்தூரில் இருக்கும் அரசின் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் இதற்கென்றே தொழிலாளர் மேலாண்மைப் படிப்புகளை நடத்துகிறது. மாலை நேரப் பட்டயமும் வார இறுதிப் பட்டயமும் உண்டு. எந்தப் படிப்பு நல அலுவலர் தகுதிக்குச் செல்லும் என்று அவர்களிடமே உறுதி செய்துகொண்டு சேருங்கள். மென்பொருள் பக்கம் போனாலும் இந்தச் சட்ட அறிவு உங்களை விட்டுப் போகாது.

முன்பணம் 5,000 ரூபாய் பற்றி: மையத்துக்கு மின்னஞ்சலில் மூன்று கேள்விகள் அனுப்புங்கள், போனில் வேண்டாம். சான்றிதழை வழங்குவது வொர்க்டே நிறுவனமா, நீங்களா? பயிற்சிக்கு நாங்கள் பயன்படுத்தப் போகும் மென்பொருள் தளத்துக்கு உங்களிடம் உரிமம் இருக்கிறதா? வேலை உத்தரவாதம் என்றால், வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா? எழுத்தில் தெளிவான பதில் வராவிட்டால், ரசீதின் நகலை இணைத்து முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதிவு செய்யலாம். விளம்பரத் துண்டறிக்கையையும் அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.