ஆட்ஸ் ரேஷியோ (ஒரு விளைவு நேர்வதற்கும் நேராததற்குமான விகிதத்தை இரு குழுக்களுக்கிடையே ஒப்பிடும் எண்) தரும் ஆய்வுகளையும் சராசரி வேறுபாடு தரும் ஆய்வுகளையும், பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாக்கும் ஒரே மெட்டா அனாலிசிஸில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். ஆட்ஸ் ரேஷியோவின் இயல் மடக்கையை எடுத்து 0.5513 ஆல் பெருக்கினால், சராசரி வேறுபாட்டைத் திட்ட விலக்க அலகில் சொல்லும் கோஹனின் டி (d) கிடைக்கும். லாஜிஸ்டிக் பரவலின் திட்ட விலக்கமான 1.81 ஆல் வகுப்பதும் இதுவேதான். இந்தச் சூத்திரத்தை நீங்கள் ஏற்கெனவே விரிதாளில் எழுதிவிட்டு, சரிதானா என்று உறுதி செய்துகொள்ளவே கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் அதற்கு அடுத்த நெடுவரிசையில் இருக்கும் வேரியன்ஸை (மதிப்பீடு எவ்வளவு நிச்சயமற்றது என்று காட்டும் எண்ணை) ஒருமுறை பாருங்கள், ஏனெனில் நான் சறுக்கியது அங்கேதான்.

என் தொகுப்பில் இருந்த ஓர் ஆய்வில் ஏறத்தாழ 180 பேர் பங்கேற்றிருந்தனர்; ஆட்ஸ் ரேஷியோ 2.5, அதன் மடக்கையின் வேரியன்ஸ் 0.09. மடக்கையான 0.916 ஐ 0.505 என்று டி ஆக்கிய நான், வேரியன்ஸை அப்படியே விட்டுவிட்டேன். விளைவை ஒரு மாறிலியால் பெருக்கினால் வேரியன்ஸை அந்த மாறிலியின் வர்க்கத்தால், இங்கே 0.304 ஆல், பெருக்க வேண்டும் என்பது பாடத்தில் படித்ததுதான். விரிதாளின் முன் உட்கார்ந்தபோது நினைவுக்கு வரவில்லை. வேரியன்ஸ் 0.027 ஆகி, அதன் தலைகீழியான எடை 36 க்கு மேல் வந்திருக்க வேண்டிய அந்த ஆய்வுக்கு 11 தான் கிடைத்தது. 80 பேரை மட்டுமே கொண்ட, நேரடியாக டி தந்த இன்னோர் ஆய்வின் எடையோ 19. ஒவ்வோர் ஆய்வையும் எடைக்கேற்ற சதுரமாகக் காட்டும் ஃபாரஸ்ட் பிளாட் வரைபடத்தைப் பார்த்த இணை ஆய்வாளர், "பெரிய ஆய்வுக்கு ஏன் சின்னச் சதுரம்?" என்று கேட்கும்வரை நான் மென்பொருளைத்தான் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

இருநிலை விளைவை டி ஆக்குவதே தவறு என்று இங்கே சிலர் எழுதக்கூடும் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'குணமானார், ஆகவில்லை' என்ற பிரிவுக்கு அடியில் ஒரு தொடர் அளவுகோல் இருப்பதாகவும், அது ஏறத்தாழ லாஜிஸ்டிக் பரவலில் அமைந்திருப்பதாகவும் கொள்ள முடிந்தால் மட்டுமே இந்த மாற்றம் பொருந்தும். இறப்பு போன்ற விளைவுக்கு நானும் இதைச் செய்யமாட்டேன்.

உண்மையில் எனக்கு ஆத்திரமூட்டியவை மாற்றுவதற்கு ஒன்றுமே தராத கட்டுரைகள்தாம். குழுக்களின் எண்ணிக்கையோடு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனையின் (t-test) மதிப்பையாவது கொடுத்திருந்தால் பின்னோக்கிக் கணக்கிட்டுவிடலாம். 'பி-மதிப்பு (p) 0.05 ஐவிடக் குறைவு' என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டவர்களுக்கு மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வராததால் அந்த ஆய்வுகளை விலக்கப்பட்டவை பட்டியலில் காரணத்தோடு சேர்த்தேன்.