எம்ஜிபி பானெட்டுக்குள் 4.6 லிட்டர் வி8 அடங்குமா?

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கிறேன். என்னிடம் 1977 எம்ஜிபி ஜிடி ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது, வலதுபக்க ஸ்டியரிங். அதன் 1.8 லிட்டர் இன்ஜினை எடுத்துவிட்டு, ரேஞ்ச் ரோவரிலிருந்து கழற்றி கேம்ஷாஃப்ட் மாற்றிய 4.6 லிட்டர் வி8 ஒன்றை வைக்க ஆசை. பானெட்டை வெட்டாமல் மூட முடியுமா?

பதில்: முடியும். ஆனால் ரேஞ்ச் ரோவரின் இன்டேக்கை, அதாவது இன்ஜினுக்குக் காற்று கொண்டுவரும் மேல்பாகத்தை, அப்படியே வைத்துக்கொண்டு முடியாது.

ரேஞ்ச் ரோவரில் இருப்பதும் ரோவர் வி8-தான். இந்த இன்ஜின்களில் 3.5, 3.9, 4.6 என்று லிட்டர் ஏறினாலும் பிளாக்கின் வெளி அளவு ஏறக்குறைய ஒன்றுதான். 3.5-இல் சிலிண்டர் விட்டம் 88.9 மி.மீ., ஸ்ட்ரோக் 71.1, 4.6-இல் 94, 82. அலுமினிய பிளாக் என்பதால், உங்கள் பழைய வார்ப்பிரும்பு நான்கு சிலிண்டரோடு ஒப்பிட்டால் எடையிலும் பெரிய வித்தியாசம் இராது. எம்ஜி நிறுவனமே 1973 முதல் 1976 வரை 3.5 லிட்டர் வி8-ஐ இந்த ஜிடியில் வைத்து விற்றது. உங்களுடையது 1977 கார் என்பதும் நல்லதாகப் போயிற்று: ரேடியேட்டர் முன்னால் தள்ளி இருக்கும், உள்பக்க மட்கார்டுகளும் வி8-க்கு இடம்விட்ட அமைப்பில் இருக்கும். குரோம் பம்பர் கார் என்றால் இதற்கே நிறைய தகடு வேலை பார்க்க வேண்டும்.

இடிப்பது பிளாக்குக்கு மேலே உட்காரும் சாமான்தான். இன்ஜின் மாற்றும் வேலை செய்துவந்த கென் காஸ்டெல்லோ 1970களின் தொடக்கத்தில் எம்ஜிபிக்கு வி8 மாற்றிக் கொடுத்தபோது பானெட்டில் ஒரு புடைப்பு வைத்தார். எம்ஜி தொழிற்சாலையோ எஸ்யு கம்பெனியின் இரண்டு கார்புரேட்டர்களையும் இன்ஜினின் பின்பக்கம், ஃபயர்வாலை ஒட்டிக் கொண்டுபோய் வைத்தது. எம்ஜிபி பானெட் முன்னோக்கிச் சரிவது. பின்னால்தான் உயரம் அதிகம். அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொண்டதால் புடைப்பு தேவைப்படவில்லை. பிறகு 1990களில் எம்ஜிபியின் வாரிசாக வந்த எம்ஜி ஆர்வி8 கார் ஃபியூவல் இன்ஜெக்‌ஷனோடு வந்தது. அதற்குப் பானெட்டை உயர்த்தியே ஆக வேண்டியிருந்தது.

இதில் உங்களுக்கு எது? தொழிற்சாலையின் எஸ்யு அமைப்பு 3.5-க்குச் சரி, கேம் மாற்றிய 4.6-க்கு மூச்சு முட்டும். என் பரிந்துரை, உயரம் குறைந்த இன்டேக் மேனிஃபோல்டும் அதன்மேல் 500 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 500 கன அடி காற்று) நான்கு பேரல் கார்புரேட்டரும், அடிப்பகுதி கீழிறங்கிய ஏர் ஃபில்டரும். உச்ச ஹார்ஸ்பவரில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க நேரலாம். கார் சுமார் 1,100 கிலோதான். கீழ் ஆர்பிஎம்மில் கிடைக்கும் டார்க்கே போதும் போதும் என்றாகிவிடும். கடைசி ஹார்ஸ்பவர் வரை வேண்டும் என்பவர் தயங்காமல் புடைப்புள்ள பானெட்டே வாங்கட்டும். அசல் பானெட்டை மட்டும் வெட்டாதீர்கள், கழற்றிப் பத்திரமாக வையுங்கள்.

எதையும் வாங்குமுன் அளந்துவிடுங்கள். உள்பாகங்கள் இல்லாத வெறும் பிளாக், ஹெட்கள், மேனிஃபோல்டு, கார்புரேட்டர் இவற்றை மட்டும் பூட்டி, கியர்பாக்ஸோடு சேர்த்து மவுண்டில் உட்கார வையுங்கள். ஏர் ஃபில்டர் மூடியின் மேல் நான்கைந்து இடங்களில் விளையாட்டுக் களிமண்ணை உருட்டி வைத்து, மேலே அலுமினியத் தாளைப் போர்த்துங்கள். பானெட்டைக் கையால் மெல்ல இறக்கி, பூட்டுமளவு அழுத்தித் திறங்கள். நசுங்கிய களிமண் எங்கே எவ்வளவு தடிமனில் மிஞ்சியிருக்கிறதோ, அதுதான் உண்மையான இடைவெளி. பானெட்டின் அடியில் ஓடும் விறைப்புப் பட்டைகளுக்கு நேரே கட்டாயம் களிமண் இருக்க வேண்டும். தகட்டை மட்டும் அளந்து ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் இன்ஜின் ரப்பர் மவுண்டில் ஒருபக்கம் சாயும். அதனால் 15 முதல் 20 மி.மீ. இல்லாமல் நான் சரி சொல்லமாட்டேன்.

இடைவெளி போதவில்லை என்றால் இன்ஜினைத் தாழ்த்தத் தோன்றும். அடியில் கிராஸ் மெம்பரும் ஸ்டியரிங் ரேக்கும் இருக்கின்றன. இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப் தரையைத் தொடும் ஆபத்தும் உண்டு. ஒரு சென்டிமீட்டர் கிடைத்தாலே அதிகம். பானெட்டின் பின்பக்கக் கீலில் வாஷர் கொடுத்துத் தூக்குவதும் வேண்டாம். கண்ணாடியின் அடியில் காற்றழுத்தம் அதிகம் என்பதால், ஓடும்போது சூடு அந்த வழியாக வெளியேறாது. ஹீட்டருக்குக் காற்று எடுக்கும் துளையும் அங்கேதான். பெட்ரோல் வாடை உள்ளே வந்துவிடும்.

அடுத்த தலைவலி எக்ஸாஸ்ட். வலதுபக்க மேனிஃபோல்டு ஸ்டியரிங் ஷாஃப்ட்டை உரசும் தூரத்தில் போகும். ஆர்வி8 பாணியில் உள்பக்க மட்கார்டில் துளையிட்டுக் குழாய்களைச் சக்கரப் பக்கமாக இறக்குவது எனக்குப் பிடித்த வழி. ஷாஃப்ட்டுக்கு இடம் கிடைக்கும், பானெட்டுக்குள் சூடும் குறையும். மூடிய பானெட்டுக்குள் 4.6-ஐ ஓட்டுகிறவருக்குச் சூடுதான் முதல் எதிரி; இரண்டு எலக்ட்ரிக் ஃபேன் அவசியம், தொழிற்சாலையே அப்படித்தான் வைத்தது.

இந்த 4.6 இன்ஜினில் ஒன்றைக் கவனியுங்கள். சூடேறிப் பழகியவற்றில் லைனர் (சிலிண்டருக்குள் பொருத்திய உறை) நகர்வது, லைனருக்குப் பின்னால் பிளாக்கில் விரிசல் விடுவது இரண்டும் உண்டு. பிளாக்கைப் பிரஷர் டெஸ்ட் செய்யாமல் காசு கொடுக்காதீர்கள். சந்தேகமிருந்தால், மேலே விளிம்பு வைத்து நகராமல் நிற்கும் டாப் ஹேட் லைனர் போட்டுவிடுங்கள். இதில் டிஸ்ட்ரிபியூட்டரும் கிடையாது. கார்புரேட்டரோடு ஓட்ட, கிராங்க் சென்சார் பார்த்து வேலை செய்யும் தனி இக்னிஷன் வேண்டும்.

வி8 ஜிடியின் தடிமனான பிரேக் டிஸ்க், பெரிய காலிப்பர், 3.07 டிஃபரன்ஷியல் இவற்றையும் செலவுக் கணக்கில் சேருங்கள். பழைய 3.9 விகித டிஃபரன்ஷியலை விட்டுவைத்தால் நெடுஞ்சாலையில் இன்ஜின் வீணாகக் கத்திக்கொண்டே வரும்.

வேலை முடிந்ததும் புதிய இன்ஜின் எண்ணையும் கொள்ளளவையும் வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏவுக்கு எழுதிப் பதிவுப் புத்தகத்தை மாற்றுங்கள், இன்சூரன்ஸிடமும் சொல்லுங்கள். நாற்பது வயது தாண்டிய காருக்கு எம்ஓடி எனும் ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. பெரிய மாற்றம் செய்தால் அது போய்விடலாம். ஒரே அடிப்படை இன்ஜினின் வேறு கொள்ளளவையும், அந்த மாடலுக்குத் தொழிற்சாலையே கொடுத்த மாற்று இன்ஜினையும் வழிகாட்டுதல் பெரிய மாற்றமாக எண்ணுவதில்லை. ஜிடியில் ரோவர் வி8 தொழிற்சாலையிலிருந்தே வந்தது என்பதால் உங்கள் பக்கம் வாதம் பலமாக இருக்கிறது. ஆனாலும் விலக்கு கோருமுன், பழைய கார்கள் தெரிந்த ஒருவரிடம் காரைக் காட்டி எழுத்தில் கருத்து வாங்கி வையுங்கள்.